கத்தி வேண்டாம்: ஆறு கை நொறுங்கு நட்சத்திரத்தைப் படிக்கும் முறை

ஏ.எல். (உயர்தர) உயிரியலில் முட்தோலிகள், அதாவது நட்சத்திர மீன் சேர்ந்த கடற்பிராணித் தொகுதி, பாடமாக வரும்போது எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: கரும்பலகையில் ஒரு நட்சத்திர மீன், ஐந்து கை, நடுவில் வாய், அம்புக்குறி போட்டுப் பெயர்கள். நட்சத்திர மீனுக்கு உறவான, மெல்லிய நீளக் கைகள் கொண்ட நொறுங்கு நட்சத்திரத்துக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது. அந்த ஒரு வரியை ஒரு பிற்பகல் செய்முறையாக மாற்ற விரும்புகிற ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். நான் படிப்பிப்பது இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கம். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே. கடலைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளும் என் வகுப்பில் உண்டு.

இதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. கத்தியும் தேவையில்லை, இதை அழுத்தியே சொல்கிறேன். தவளை, கரப்பான் என்று அறுத்துப் பழகிய கை, புதிதாக ஒரு பிராணியைக் கண்டதும் பிளேட்டைத் தேடும். ஐந்து மில்லிமீற்றர் உடம்பில் பிளேட்டை வைத்தால் மிஞ்சுவது சுண்ணாம்புத் துணுக்குகள் மட்டுமே. இந்தப் பிராணியின் எலும்புக்கூடு மெல்லிய தோலுக்கு நேர் கீழே, வெளியிலிருந்தே தெரியும்படி இருக்கிறது. முதலில் ஈரமாகப் பாருங்கள். பிறகு அரைகுறையாகக் காயவிட்டுப் பாருங்கள். கடைசியில் ஒரே ஒரு கையை மட்டும் ப்ளீச்சில் போட்டுப் பாருங்கள். மூன்று பார்வையில் வேண்டியது எல்லாம் வந்துவிடும்.

எந்த இனம்

நான் பயன்படுத்துவது ஒஃபியாக்டிஸ் சாவிக்னி. வெப்ப வலயக் கடல்களில் எங்கும் பரவிய சின்ன இனம். வட்டு, அதாவது நடு உடம்பு, பெரும்பாலும் 5 மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடும். கைகள் அதைவிட நான்கைந்து மடங்கு நீளம். பச்சையும் வெளிர்மஞ்சளும் கலந்த நிறம். கடற்பஞ்சின் துளைகளுக்குள்ளும், பாசிக் கொத்துகளிலும், கடலில் நெடுநாள் கிடந்த கயிறுகளில் ஒட்டி வளரும் கூளத்திலும் ஒளிந்து வாழும். உடம்பைப் பொந்துக்குள் வைத்துக்கொண்டு ஓரிரு கைகளை மட்டும் வெளியே நீட்டி, நீரில் மிதந்து வரும் துகள்களைப் பிடித்துத் தின்னும்.

1842இல் ஜெர்மன் விலங்கியலாளர்கள் முல்லரும் துரோஷலும் இதை விவரித்தபோது பிரெஞ்சு இயற்கையியலாளர் சாவிக்னியின் பெயரை வைத்தார்கள். நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு 1798இல் போனவர் அவர். நுண்ணிய கடற்பிராணிகளை உற்றுப் பார்த்து வரைவதிலேயே வாழ்க்கையைக் கழித்த மனிதர், பிறகு கண் நோய் முற்றி வேலையையே விட வேண்டி வந்தது. கைவில்லையை மணிக்கணக்காகக் கண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் இடைவேளை விடுகிறேன்.

பெரிய இனங்களை விட்டுவிட்டு இதை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். இது வலைக் கழிவோடு சும்மா கிடைக்கிறது என்பது ஒன்று. முக்கியமான காரணம் வேறு. பாடப்புத்தகம் ஐந்து கை என்கிறது, இதற்கு ஆறு. அந்த ஆறையும் அளந்து பார்த்தால் பிராணி தன் வரலாற்றையே சொல்லிவிடும்.

எடுத்து வருவது

என் சித்தப்பா குடும்பம் 1977 இனக் கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு இறங்கித் திருகோணமலைப் பக்கம் குடியேறியது. அவருடைய மகன், எனக்குத் தம்பி முறை, வலை பழுது பார்க்கிறவன். பழைய கயிற்றில் ஒட்டியிருக்கும் கடற்பஞ்சுத் துண்டு கிடைத்தால் எனக்காக ஒதுக்கி வைப்பான். உங்களுக்கு அப்படி ஒருவர் இல்லையென்றால் கரைக்குச் சுற்றுலா போகும் வகுப்பிடம் சொல்லி வையுங்கள். கரையில் ஒதுங்கிய கடற்பஞ்சு, கைவிட்ட வலை, பழைய கயிறு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பவளப் பாறையை உடைக்கக் கூடாது. புறாத் தீவு, ஹிக்கடுவை தேசியப் பூங்காக்களுக்குள் எதையுமே தொட்டு எடுக்கக் கூடாது. ஒரு செய்முறை வகுப்புக்காக நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை.

கடற்பஞ்சுத் துண்டை வெள்ளை யோகட் கோப்பையில் கொஞ்சம் கடல்நீரோடு நிழலில் வைத்தால் போதும். நீர் கெடக் கெட உள்ளே இருப்பவை தாமாகவே வெளியே ஊர்ந்து வரும். பிய்த்து எடுக்கப் போனால் கையைக் கழற்றிப் போட்டுவிடும். எதிரி பிடித்த கையைக் கொடுத்துவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் பிராணி இது. கையின் கணுக்களைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் இழையம் நரம்பின் கட்டளைக்கு இளகிவிடும் வகையைச் சேர்ந்தது. ஆகவே கை முறிவது விபத்தில்லை, அது தானே செய்கிற வேலை.

அதனால்தான் உயிரோடு இருப்பதை நேரே மதுசாரத்தில் போடக் கூடாது. போட்டால் சுருண்டு, முறுக்கிக்கொண்டு, பாதிக் கைகளை உதிர்த்துவிட்டுச் செத்துப்போகும். முதலில் மயக்க வேண்டும். மக்னீசியம் குளோரைட்டு, ஆறு நீர் மூலக்கூறு கொண்ட படிகம், 73 கிராமை 1 லீற்றர் நன்னீரில் கரைத்து, அதைக் கடல்நீரோடு சரிபாதி கலந்து வைத்துக்கொள்ளுங்கள். பிராணியை அதில் விட்டால் கைகள் மெல்லத் தளர்ந்து நீளும். அது கிடைக்காத இடத்தில் மருந்துக்கடை எப்சம் உப்பைக் கடல்நீரில் சிறிது சிறிதாகத் தூவினாலும் வேலை நடக்கும், நேரம்தான் கூடப் பிடிக்கும். ஊசி நுனியால் தொட்டும் அசையவில்லை என்றால்தான் மதுசாரத்துக்கு மாற்ற வேண்டும்.

அதற்கு முன் ஒரு படம் எடுத்துவிடுங்கள். மதுசாரம் அந்தப் பச்சையைக் கரைத்து வெளுக்க வைத்துவிடும். பிறகு பார்க்கிறவர்கள் இது பழுப்பு நிறப் பிராணி என்றே நினைப்பார்கள்.

மதுசாரம் 70 சதவீதம். பள்ளிக்கூடத்தில் 95 சதவீத எதனோல் இருந்தால் 74 மில்லிலீற்றர் எடுத்து 100 வரும்வரை நீர் விடுங்கள். போமலினில் வைக்க வேண்டாம். அது நாளாக நாளாக அமிலமாகும். அமிலம் கல்சியம் காபனேற்றைத் தின்னும். நாம் பார்க்கப் போவதே கல்சியம் காபனேற்றுத் தட்டுகளைத்தான்.

மேசை

கைவில்லை பத்து மடங்கு பெருக்குவதாக இருக்கட்டும். பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியின் மிகக் குறைந்த பெருக்கமும் வேண்டும். ஊசி இரண்டு, அழிறப்பரில் குத்தி வைத்தது. நுனி மெல்லிய சாவணம் ஒன்று. 1 மில்லிமீற்றர் கட்டம் போட்ட வரைபுத்தாள், பெற்றிக் கிண்ணத்துக்குக் கீழே வைக்க. கறுப்புக் கடதாசி ஒன்று, தட்டுகளின் வெள்ளை விளிம்பு எடுபட. ஒரு டோர்ச்.

டோர்ச்சை மேலிருந்து அடிக்காதீர்கள். மேசையோடு ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். தட்டுகளின் ஓரத்தில் நிழல் விழுந்தால்தான் ஒரு தட்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியும். வெளிச்சத்தைச் சரியாக வைத்தால் பாதி வேலை முடிந்தது. நுணுக்குக்காட்டி வாங்கக் காசில்லை என்று புலம்புகிற நேரத்தில் டோர்ச்சின் கோணத்தை மாற்றிப் பார்க்கலாம்.

மலைக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை இங்கே மூடுபனியும் தூறலும். வில்லைகளில் பூஞ்சணம் படரும், காய வைத்தது காயாது. கொழும்புப் புத்தகத்தில் சில நிமிடம் உலரவிடவும் என்று எழுதியிருந்தால் இங்கே அதை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். அல்லது மேசை விளக்கின் சூட்டில், கைக்கு இதமாகப் படும் தூரத்தில் வையுங்கள். மதுசாரப் போத்தலை மட்டும் அந்த விளக்குக்கு அருகே கொண்டு போகாதீர்கள். வில்லைகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வருமே, அந்தப் பொட்டலமே போதும்.

முதல் பார்வை: ஈரமாக, கைகளை அளந்து

பிராணியை மதுசாரத்தில் மூழ்கியபடியே கிண்ணத்தில் வைத்து, வரைபுத்தாளின் மேல் கைகளின் நீளத்தை வட்டின் விளிம்பிலிருந்து நுனி வரை அளந்து எழுதுங்கள். பெயர் எதுவும் இப்போது வேண்டாம், எண்கள் மட்டும்.

பெரும்பாலான மாதிரிகளில் ஒரு பக்கம் மூன்று கை நீளமாகவும் தடிப்பாகவும் இருக்கும், எதிர்ப்பக்கம் மூன்று கை குட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்கும். சிலவற்றில் சின்ன மூன்றும் வெறும் மொட்டுகளாகவே நிற்கும். வட்டும் சரியான வட்டமாக இராது, ஒரு பக்கம் சப்பையாக இருக்கும். ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒரு பிள்ளை, “மூணு கைய மீன் கடிச்சிருச்சா டீச்சர்?” என்று கேட்கும். மீன் கடித்தால் வரிசையாக அடுத்தடுத்த மூன்று கையும், கூடவே வட்டில் பாதியும், மாதிரிக்கு மாதிரி ஒரே கணக்கில் போகாது.

இது பிளந்திருக்கிறது. ஒஃபியாக்டிஸ் சாவிக்னி தன் வட்டைக் குறுக்கே இரண்டாகப் பிளந்துகொள்ளும். பாதிக்கு மூன்று கை. ஒவ்வொரு பாதியும் இல்லாத பாதியை வளர்த்துக்கொண்டு முழுப் பிராணியாகும். இலிங்கமில் இனப்பெருக்கத்துக்கு ஹைட்ராவின் அரும்பையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. சின்ன உருப்படிகளே அதிகம் பிளக்கின்றன. இதே இனம் ஆண், பெண் அணுக்களை நீரில் விட்டும் பெருகும். அந்த வழியில் வரும் நீந்தும் குடம்பி இருபக்கச் சமச்சீர் கொண்டது என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஆறு கையும் சம நீளமாக இருந்தால் அது பிளந்து கனகாலம் ஆகியிருக்க வேண்டும். வகுப்பில் கிடைத்த எல்லா உருப்படிகளையும் சின்னக் கை, பெரிய கை விகிதப்படி வரிசையாக வையுங்கள். நேற்றுப் பிளந்ததிலிருந்து முழுதாகத் தேறியது வரை ஒரு வரிசை கண்முன் வரும். இதற்கு ஒரு பாடவேளை முழுவதையும் கொடுக்கலாம், நான் கொடுக்கிறேன். ஒரே கடற்பஞ்சிலிருந்து வந்தவை ஒரே முன்னோரின் துண்டுகளாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதையும் அப்போது சொல்லலாம்.

இரண்டாம் பார்வை: அரைகுறையாகக் காய்ந்த மேற்பக்கம்

இப்போது மாதிரியைக் கறுப்புக் கடதாசியில் எடுத்து வையுங்கள். மேலே இருக்கும் மதுசாரம் ஆவியாகி மினுமினுப்புப் போகிற நேரத்தில் தட்டுகளின் எல்லைகள் திடீரென்று தெளியும். முழுக்கக் காய்ந்தால் நொறுங்கும். எல்லை மங்கியதும் ஒரு துளி மதுசாரம் விட்டு மறுபடியும் தொடங்குங்கள்.

மேற்பக்க வட்டு தோட்ட லயத்துத் தகரக் கூரை மாதிரி: ஒரு செதில் அடுத்ததன் மேல் விளிம்பு ஏறிக் கிடக்கும். செதில்களுக்கு இடையே, முக்கியமாக ஓரத்தில், சிறு முட்கள் சில நிற்கும். ஒவ்வொரு கையின் அடியிலும் மற்றச் செதில்களைவிடப் பெரிய ஜோடித் தட்டுகள் இரண்டு உண்டு. இவை ஆரைக் கவசங்கள். பாதி நிலா வடிவம், நடுவில் சிறு செதில்கள் புகுந்து இரண்டையும் பிரிக்கும், கைப்பக்க நுனியில் வெள்ளைப் பொட்டு இருக்கும். கையொன்றுக்கு ஒரு ஜோடி என்பதால் தேறிய உருப்படியில் 12 கவசம். புதிதாக வளரும் பாதியில் கவசங்கள் சின்னதாக, நெருக்கமாக இருக்கும். கைகளை அளந்து கண்டுபிடித்த பிளவுக்கோட்டை இங்கே கவசங்களின் அளவிலிருந்தும் கண்டுபிடிக்கலாம். இரண்டும் ஒரே கோட்டில் விழுகிறதா என்று பிள்ளைகளையே சரிபார்க்க விடுங்கள்.

மேற்பக்கத்தில் குதத்தையும், உடம்பின் நீர்க்குழாய்கள் வெளி நீரோடு தொடர்புகொள்ளும் சல்லடைத் தட்டையும் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நட்சத்திர மீனில் இரண்டும் மேலே இருக்கும். நொறுங்கு நட்சத்திரத்தில் குதமே இல்லை. சல்லடைத் தட்டு கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது. “அப்ப தின்னது எங்க வழியா போகும் டீச்சர்?” என்ற கேள்வி சிரிப்போடு வரும். வந்த வழியாகவேதான். இரைப்பை ஒரு மூடிய பை. செரிக்காதது வாய் வழியாகவே வெளியே வரும்.

கீழ்ப்பக்கம்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

மாதிரியைப் புரட்டிப் போடுங்கள். இனங்களைப் பிரித்தறிகிறவர்கள் முதலில் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான், ஏனென்றால் தாடைகள் இங்கே இருக்கின்றன.

நடுவில் வாய். அதைச் சுற்றி முக்கோணத் தாடைகள் உள்நோக்கி நிற்கும். ஐந்து கை உள்ளவற்றில் ஐந்து தாடை, இதில் ஆறு. தாடைகள் கைகளுக்கு நேரே இல்லை, இரு கைகளுக்கு இடையிலான வெளியில் இருக்கின்றன. இதைப் பிள்ளைகள் பெரும்பாலும் மாற்றி வரைவார்கள். ஒவ்வொரு தாடையின் நுனியிலும் அகன்ற சதுரப் பற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளே இறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் மேல் பல் மட்டுமே தெரியும். தாடையின் இரு விளிம்பிலும் ஒன்றோ இரண்டோ வாய்ச்செதில்கள். இந்த எண்ணிக்கை சின்ன விஷயமாகத் தோன்றலாம், ஆனால் அருகில் இருக்கும் வேறு குடும்பங்களிலிருந்து இதைப் பிரிப்பதில் நுனிப் பல்லும் வாய்ச்செதில் எண்ணிக்கையும் முன்னே நிற்கின்றன. உதாரணமாக ஆம்ஃபியூரிடே குடும்பத்தில் தாடை நுனியில் ஒரு பல்லுக்குப் பதில் ஒரு ஜோடிச் செதில்கள் இருக்கும். சின்னதாக, கூளத்துக்குள் ஒளிந்து வாழும் இனங்கள் அந்தக் குடும்பத்திலும் நிறைய உண்டு. எனவே போத்தலில் பெயர்ச்சீட்டுப் போடும் முன் தாடை நுனியைப் பார்த்துவிடுங்கள்.

தாடையின் வெளிப்பக்க அடியில் ஒரு பெரிய தட்டு இருக்கும். அது வாய்க்கவசம். அதன் இரு பக்கமும் துணைக்கவசங்கள். நொறுங்கு நட்சத்திரங்களில் பொதுவாக இந்த வாய்க்கவசங்களில் ஒன்றுதான் சல்லடைத் தட்டு. நீர்க்கலன் தொகுதி, அதாவது உடம்புக்குள் நீர் ஓடும் குழாய்களின் தொகுதி, வெளி நீரோடு தொடர்புகொள்ளும் இடம் அது. இவ்வளவு சின்ன இனத்தில் அந்தத் துளை கைவில்லைக்கு எட்டுவது கடினம். எந்தக் கவசம் என்று தெரியாவிட்டால் ஊகித்துக் குறிக்க வேண்டாம், “வாய்க்கவசம்” என்று மட்டும் எழுதினால் சரியான விடைதான்.

அடுத்தது கீறல்கள். ஒவ்வொரு கையின் அடியிலும், வட்டைத் தொடும் இடத்தில், இரு பக்கமும் ஒவ்வொரு மெல்லிய நீளக் கீறல். இவை உடம்புக்குள் போகும் பைகளின் வாய்கள். பைகளுக்குள் நீர் போய் வந்துகொண்டே இருக்கும், சுவாசம் அங்கே நடக்கிறது. முட்டையும் விந்தும் உண்டாகும் உறுப்புகளான சனனிகளும் அந்தப் பைகளின் சுவரோடு ஒட்டியிருக்கும், முட்டையும் விந்தும் இந்தக் கீறல் வழியாகவே வெளியேறும். புத்தகம் “பத்துக் கீறல்” என்று சொல்லும். அது ஐந்து கைக்கான கணக்கு. கையை எண்ணி இரண்டால் பெருக்கினால் 12. மனனம் செய்த பிள்ளை 10 என்று சொல்லும், பார்த்த பிள்ளை 12 என்று சொல்லும். என் செய்முறைக் கேள்வித்தாளில் இது கட்டாயம் இருக்கும்.

கை

ஒரு கையை வட்டுக்கு அருகே எடுத்துக்கொண்டு ஒரே ஒரு கணுவை மட்டும் பாருங்கள். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மொத்தம் நான்கு. இந்த நான்கும் சேர்ந்து கணுவை முழுக்க மூடிவிடுகின்றன. மேல்தட்டு இந்த இனத்தில் நீளத்தைவிட அகலம் கூடியது. பக்கத் தட்டுகளில்தான் முட்கள் நிற்கும். வட்டுக்கு அருகே பக்கத்துக்கு ஐந்தாறு முள், நுனியை நோக்கிப் போகப் போகக் குறையும். கீழ்த்தட்டுக்கும் பக்கத்தட்டுக்கும் இடையே இருக்கும் துளையிலிருந்து குழாய்ப் பாதம் என்ற மெல்லிய, நீர் நிரம்பிய குழாய் வெளியே வரும். துளையை மூட ஒரு சின்ன நீள்வட்டச் செதில். இந்த இனத்தில் துளைக்கு ஒரே செதில்தான்.

குழாய்ப் பாதத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நட்சத்திர மீனின் குழாய்ப் பாதத்துக்கு உறிஞ்சியும் உள்ளே குமிழும் உண்டு. இதற்கு இரண்டும் இல்லை. நுனி மழுங்கிய, ஒட்டும் தன்மையுள்ள விரல்கள் இவை. தொட்டுணரவும், மணம் அறியவும், உணவுத் துகளை வாய்ப்பக்கம் கைமாற்றவும் பயன்படுகின்றன. நடப்பதற்கு இந்தப் பிராணி கையையே வீசுகிறது. ஆகவே “முட்தோலிகள் குழாய்ப் பாதங்களால் அசைகின்றன” என்ற பொது வாக்கியத்தை இதற்குப் பொருத்தினால் பிழை. நட்சத்திர மீனின் கையில் திறந்து கிடக்கும் பள்ளமும் இங்கே இல்லை. கீழ்த்தட்டு அதை மூடிவிட்டது. ஆரை நரம்பும் நீர்க்கலனும் அந்தத் தட்டுக்கு உள்ளே ஓடுகின்றன.

இப்போது நுனிக்குப் போங்கள். கணுக்கள் சிறுத்துக்கொண்டே போய் ஒரு சிறு குழாய்த் தட்டில் முடியும். புதுக் கணு அதற்கு நேர் பின்னால் உருவாகும். எனவே வட்டுக்கு அருகே இருப்பது மூத்த கணு, நுனிக்கு அருகே இருப்பது பிந்திப் பிறந்தது. பிளந்து வளர்ந்த குட்டைக் கையிலும் இதே வரிசைதான். நீளக் கையில் எத்தனை கணு, குட்டைக் கையில் எத்தனை என்று எண்ணச் சொன்னால் மில்லிமீற்றரில் அளந்ததைவிட நம்பகமான ஒப்பீடு கிடைக்கும். சுருண்ட கையை அளப்பது சிரமம், கணுவை எண்ணுவதற்குச் சுருள் தடையில்லை.

மூன்றாம் பார்வை: ப்ளீச்சில் ஒரு கை

உதிர்ந்து கிடக்கும் கை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். போத்தலின் அடியில் எப்போதும் ஒன்றிரண்டு கிடக்கும், முழு மாதிரியை இதற்காகப் பலி கொடுக்க வேண்டாம். மதுசாரத்தை நீரால் முழுவதும் கழுவி எடுத்துவிட்டு, கடிகாரக் கண்ணாடியில் வைத்து, துணி வெளுக்கும் ப்ளீச் சில துளிகள் விடுங்கள். சோடியம் ஐப்போகுளோரைட்டு தோலையும் தசையையும் கரைக்கும், சுண்ணாம்புத் தட்டுகளை விட்டுவிடும். யன்னல் திறந்திருக்கட்டும். ப்ளீச்சோடு மதுசாரமோ வினாகிரியோ எந்த அமிலமுமோ கலக்கக் கூடாது. அமிலத்தோடு சேர்ந்தால் குளோரீன் வாயு வரும்.

பக்கத்தில் இருந்து பாருங்கள், வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள். முதலில் முட்கள் உதிரும். பிறகு பக்கத் தட்டுகள் விலகும். கடைசியில் நடுவே ஒரு சங்கிலி மிஞ்சும், அவை முள்ளென்புகள், முதுகெலும்புத் துண்டுகள் போன்றவை. கணுவுக்கு ஒன்று. நமது முள்ளென்புக்கும் இதற்கும் பிறப்பில் தொடர்பே இல்லை, பெயர் மட்டும் ஒன்று. வலமும் இடமுமாக இரண்டு தட்டுகள் ஒட்டி ஒன்றானது இது. ஒவ்வொன்றின் இரு முகத்திலும் மேடும் குழியுமாக மூட்டு இருக்கும். அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே நான்கு தசைகள்: மேலே இரண்டு, கீழே இரண்டு. வலப்பக்கத் தசைகள் சுருங்கினால் கை வலப்பக்கம் வளையும். நட்சத்திர மீனில் செரிமானக் கிளைகளுக்கும் சனனிகளுக்கும் இடம் கொடுத்த கை, இங்கே எலும்பும் தசையுமாக நிரம்பிவிட்டது. உள்ளுறுப்புகள் வட்டுக்குள் ஒதுங்கிவிட்டன. வேகமாக ஓடுவதற்குக் கொடுத்த விலை என்று நான் சொல்வதுண்டு.

சங்கிலி தனித்தனியாகப் பிரிந்ததும் துளிக்குழாயால் ப்ளீச்சை உறிஞ்சி எடுத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். ஒரு முள்ளென்பைக் கண்ணாடித் தட்டில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அது கட்டி இல்லை, நுண்துளை நிறைந்த வலை என்று தெரியும். உயிருள்ளபோது அந்தத் துளைகளுக்குள் இழையம் இருந்தது.

நேரமும் ஆர்வமும் இருந்தால் இன்னொன்று. போலரொயிட் கறுப்புக் கண்ணாடி உடைந்தது வீட்டில் இருந்தால் அதன் இரு வில்லைகளையும் எடுங்கள். ஒன்றைத் தட்டுக்குக் கீழே, மற்றதைக் கண்வில்லைக்கு மேலே, வெளிச்சம் முழுக்க மறையும்படி திருப்பி வையுங்கள். இடையில் முள்ளென்பைச் சுற்றினால் அது முழுவதும் ஒரே நேரத்தில் ஒளிர்ந்து ஒரே நேரத்தில் இருளும். இத்தனை துளையும் வளைவும் கொண்ட பொருள், ஒளிக்கு ஒற்றைக் கல்சைற்றுப் படிகமாக நடந்துகொள்கிறது. பௌதிகவியல் சேரையும் அந்த நேரத்தில் கூப்பிடுங்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அவர்தான் பிள்ளைகளைவிட அதிக நேரம் கண்வில்லையை விடாமல் பிடித்திருந்தார்.

வட்டின் உள்ளே

கத்தி இல்லாமல் உள்ளே எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி மிஞ்சும். பிராணியே பதில் தருகிறது. வரிசையில் வைத்த உருப்படிகளில் அண்மையில் பிளந்ததை எடுங்கள். அதன் வெட்டுப்பக்கம் இன்னும் மெல்லிய தோலால்தான் மூடியிருக்கும். மதுசாரத்தில் மூழ்க வைத்து, டோர்ச்சைப் பின்னாலிருந்து அடித்தால் இரைப்பைப் பை ஒரு மங்கிய திட்டாகத் தெரியும். அதைச் சுற்றிக் கீறல்களோடு இணைந்த பைகள். அதற்கு மேல் நுணுக்கம் இந்த முறையில் கிடைக்காது. நரம்பு வளையமும் நீர்க்கலன் வளையமும் வாயைச் சுற்றித் தாடைகளுக்குப் பின்னால் ஓடுகின்றன, அவற்றைப் படத்தில்தான் காட்ட வேண்டும். பரீட்சைக்கு அது போதும்.

வரைவது, வைப்பது

மூன்று படம் வரையச் சொல்லுங்கள்: மேற்பக்கம், கீழ்ப்பக்கம், ஒரு கணுவின் குறுக்குத் தோற்றம். ஆறு கையையும் சமமாக வரைகிற பிள்ளை புத்தகத்தைப் பார்த்து வரைகிறது என்று அர்த்தம். அளவுகோல் கட்டாயம், நிழல் தீட்டுவது வேண்டாம், தட்டு எல்லைகள் ஒற்றைக் கோடாக இருக்கட்டும். கைத்தொலைபேசியில் எடுத்த படம் துணைக்கு இருக்கட்டும், வரைபடத்துக்கு அது பதிலாகாது.

பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதிப் போத்தலுக்கு உள்ளே போடுங்கள். பேனா மை மதுசாரத்தில் கரையும். வெளியே ஒட்டியது எங்கள் ஈரத்தில் கழன்று விழும். எடுத்த இடம், திகதி, எதிலிருந்து எடுத்தது, எத்தனை கை, எதனால் மயக்கியது, இவ்வளவும் சீட்டில் இருக்க வேண்டும். ப்ளீச்சில் பிரித்த முள்ளென்புகளை அதே போத்தலில் போடாமல் காயவைத்துச் சின்னக் குப்பியில் தனியாக வைத்து, சீட்டில் அதே இலக்கத்தை எழுதுங்கள். மூடி இறுக்கமாக இருந்தாலும் மதுசாரம் ஆவியாகும். தவணைக்கு ஒருமுறை போத்தலைத் திறந்து பார்த்து, குறைந்திருந்தால் 70 சதவீதத்தையே விட்டு நிரப்புங்கள்.